பாஞ்சாலியைக் கும்பிடுவோம், அவள் கேள்வி மட்டும் வேண்டாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் காலை நீட்டிப் படுக்காமல் இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் கைப்பேசியும் கையுமாக இருக்கும் தொடக்கக்கல்லூரிச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மறைநூலைக் கேள்வி கேட்பது வழிவழி வந்த நம்பிக்கையை வளர்க்கிறதா, தேய்க்கிறதா?" வளர்க்கிறது என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் மூன்று குண்டுகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்று, தாத்தா கைபிடித்துக் காட்டிய சாமியிடம் அத்தாட்சி கேட்பது நன்றி கெட்டதனம். இரண்டு, "ஐயப்படுகிறவன் அழிவான்" என்று கீதையே சொல்கிறது. மூன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் சமயம் இல்லை என்றவர்கள் 2010இல் 17 விழுக்காடு, 2020இல் 20 விழுக்காடு. எல்லாம் கேள்வி கேட்டதால் வந்த வினை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். பேச்சு நன்றாக இருந்தது, கருத்துதான் இடிக்கிறது.

தாத்தா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐயா, அப்பா பெயரில் இருக்கிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகூடப் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. உனக்குத் தகுதி இருக்கிறதா, வேறு வீடு வைத்திருக்கிறாயா என்று கேட்காமல் பெயரை மாற்றித் தருவார்களா? நாலு சுவருக்கே அவ்வளவு விசாரணை. சாமியை மட்டும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள் என்றால் எப்படி?

சரி, வேத காலத்துக்கெல்லாம் அப்புறம் போகலாம். இப்போதைக்கு சவுத் பிரிட்ஜ் சாலை வரைக்கும் வாருங்கள். 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில். ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், அங்கே தீமிதி. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் மஞ்சள் உடுத்திக் கிளம்பி, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வந்து குழியில் இறங்குகிறார்கள். யாருக்காக? கோயில் மாரியம்மன் கோயில், ஆனால் தீமிதி திரௌபதை அம்மனுக்கு.

அந்தத் திரௌபதி யார்? புருஷன் சூதாடி, நாட்டைத் தோற்று, தம்பிகளைத் தோற்று, தன்னைத் தோற்று, கடைசியில் அவளையும் தோற்றுவிட்டான். சபைக்கு வா என்று ஆள் வருகிறது. அவள் அழுதுகொண்டே போய் நிற்கவில்லை. வந்தவனைத் திருப்பி அனுப்புகிறாள்: "போய்க் கேட்டு வா. முதலில் தோற்றது தன்னையா, என்னையா?" தன்னையே தோற்று அடிமையாகிவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதுதான் அதற்குள் இருக்கும் கணக்கு. பிறகு அவளை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். அப்போதும் அதையே கேட்கிறாள். பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார். சாத்திரம் கரைத்துக் குடித்த அந்தப் பீஷ்மர் என்ன சொன்னார்? தருமம் நுட்பமானது, இதற்கு என்னால் முடிவு சொல்ல முடியவில்லை என்றார். துரியோதனன் தம்பிகளில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து அவள் கேட்டது நியாயம் என்றான்.

நடுவர் அவர்களே, பீஷ்மருக்கு இந்த ஊரில் யாரும் தீ மிதிக்கவில்லை. கேள்வி கேட்டவளுக்குத்தான் மிதிக்கிறோம்!

இதே தீமிதியை ஒட்டி எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. என் அக்கா மகள், உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். கோயிலிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "திரௌபதி பொம்பளதானே? அப்புறம் ஏன் அங்க ஆம்பளைங்க மட்டும் தீயில இறங்குறாங்க? பொம்பளைங்க ஏன் விழுந்து கும்பிடுற கும்பிடுதண்டத்தோட நிக்கணும்?" கூடம் அமைதியாகிவிட்டது. பெரியம்மா, "அது அந்தக் காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார். சின்னம்மா, "சேலையில நெருப்புப் பிடிச்சிக்கும்டி" என்றார். "அப்ப நான் டிராக் பேண்ட் போட்டுக்கிறேன்" என்று இவள் சொல்ல, என் மாமா, "சாமி விஷயத்துல வாய் ரொம்ப நீளுது" என்று பேச்சை அறுத்துவிட்டார். சாப்பாடு மட்டும் நடந்தது.

எதிரணியின் கணக்குப்படி அந்தப் பெண் அன்றோடு கோயிலை விட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. நூலகத்திலிருந்து பாரதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தச் சூதாட்டம் வருகிற சபா பருவத்தை வரி விடாமல் படித்தாள். இன்று எங்கள் குடும்பத்தில் அதை முழுதாகப் படித்திருப்பவள் அவள் ஒருத்திதான். மாமா படித்ததில்லை. உண்மையைச் சொன்னால், இந்தத் தலைப்பு வருகிறவரை நானும் படித்ததில்லை.

இப்போது கீதைக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் காட்டியது நான்காம் அத்தியாயம், 40ஆம் சுலோகம். அது அறிவும் தேடாமல், சிரத்தையும் இல்லாமல், சந்தேகத்திலேயே சுருண்டு கிடப்பவனைச் சொல்கிறது. ஆறு சுலோகம் முன்னால் போயிருக்கலாமே? 34: பணிந்து, திரும்பத் திரும்பக் கேட்டு, தொண்டு செய்து அறிந்துகொள் என்கிறான் கண்ணன். அருச்சுனனும் லேசுப்பட்டவன் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தின் ஆரம்பத்திலேயே, நீ இப்படியும் அப்படியும் பேசி என் புத்தியைக் குழப்புகிறாய் என்று கடவுள் முகத்துக்கு நேரே சொல்கிறான். தேரை விட்டு இறக்கிவிட்டானா கண்ணன்? எல்லாம் சொல்லி முடித்துப் பதினெட்டாம் அத்தியாயத்தில், இதை முழுதும் ஆராய்ந்து பார், பிறகு விரும்பியபடி செய் என்கிறான்.

கடோபநிடதத்தில் நசிகேதன் ஒரு சின்னப் பையன். அப்பா வேள்வி முடித்துத் தானம் கொடுக்கிறார். தண்ணீர் குடித்து முடித்த, புல் தின்று முடித்த, கறந்து முடித்த கிழட்டு மாடுகள். பையனுக்குப் பொறுக்கவில்லை, என்னை யாருக்குக் கொடுப்பாய் என்று துளைக்கிறான். எரிச்சலில் அப்பா, "எமனுக்கு" என்கிறார். (எரிச்சலில் அப்பாக்கள் சொல்வது அன்றிலிருந்து இன்றுவரை அதேதான்.) எமன் வீட்டுக்கே போய், செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். பொன் தருகிறேன், யானை தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்று எமனே கெஞ்சுகிறான். பையன் மசியவில்லை. கடைசியில் எமன் சொல்கிறான்: உன்னைப் போல் கேட்கிறவன் எங்களுக்குக் கிடைக்கட்டும்! எமனுக்கு இருந்த பொறுமை எங்கள் மாமாவுக்கு இல்லை.

இந்த மன்றத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறீர்கள். பைபிளில் யோபு கடவுளோடு வழக்காடினான். கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம் வந்தது. என் தாசன் யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்றார். குர்ஆனில் இப்ராஹீம் நபி, இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், காட்டு என்று கேட்கிறார். நீ நம்பவில்லையா? நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறத்தான் கேட்கிறேன். அவருக்கும் பதில் கிடைத்தது. வள்ளுவர் ஒரு படி மேலே போய், பிச்சை எடுத்துத்தான் பிழைக்க வேண்டுமென்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று படைத்தவனையே சபித்தார். அதைத்தான் பொதுமறை என்று தலையில் வைத்திருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேதத்தைக் கிண்டல் செய்வதற்கு நான் வக்கீல் இல்லை. சமயங்களுக்கிடையே பகை மூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. நான் கேட்கச் சொல்வது அவரவர் வீட்டு நூலை.

மிச்சம் இருப்பது அந்த 20 விழுக்காடு. கேள்வி கேட்டுப் போனவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள் என்று சாதிக்க மாட்டேன், இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கை, சமயம் இல்லை என்றவர்கள் எத்தனை பேர் என்று மட்டும்தான் சொல்கிறது. கேட்டதால் போனார்களா, கேட்டபோது வாயை மூடு என்றதால் போனார்களா என்று அது சொல்லவில்லை. அதை எதிரணித் தலைவர் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். அடுத்து எதிரணியிலிருந்து வருகிற அம்மையார் நன்றாகப் பாரதம் படித்தவர், எனக்குத் தெரியும். அவர் என் மற்ற வாதங்களையெல்லாம் விட்டுவிடலாம். இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: சபையில் பாஞ்சாலி கேட்டது சரியா, தவறா? தவறு என்றால் சவுத் பிரிட்ஜ் சாலையில் எதற்குத் தீ மூட்டுகிறோம்? சரி என்றால், அம்மா, நீங்கள் எங்கள் பக்கம் வந்து உட்காருங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.