வாங்கத் தெரிந்த கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்குத் தந்திருப்பது எட்டே நிமிடம். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். “படைப்பைப் பேணும் கிறிஸ்தவனுக்குப் பெரிதும் வேண்டியது கொடுக்கும் கையா, ஏற்கும் மனமா?” நான் ஏற்கும் மனத்தின் பக்கம். எதிரணித் தலைவர் சற்றுமுன் எங்களை ஒரு போடு போட்டார். “நாங்கள் மரம் நடுகிற அணி, அவர்கள் அந்த மரத்து நிழலில் பாய் விரிக்கிற அணி. ஏற்பது இகழ்ச்சி என்று ஔவையே சொல்லிவிட்டாள்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, ஆத்திசூடியில் ஏற்பது இகழ்ச்சி எத்தனையாவது வரி? எட்டாவது. நான்காவது வரி என்ன? ஈவது விலக்கேல். ஒருவர் கொடுக்க வருவதைத் தடுக்காதே என்கிறாள் பாட்டி. கொடுக்க வந்தவரிடம் “எனக்கு வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்” என்று முறைக்கிறவரும் ஈவதை விலக்குகிறவர்தானே? ஒன்பதாவது வரி, ஐயமிட்டு உண். நீங்கள் ஐயமிடுவதாகவே வைத்துக்கொள்வோம். வாங்க ஆள் வேண்டாமா? எல்லோரும் உங்களைப்போல விறைத்துக்கொண்டு நின்றால், பாவம், நீங்கள் கடைசிவரை சாப்பிடவே முடியாது!

மரம் நட்டேன், மரம் நட்டேன் என்கிறீர்களே, விதையை நீங்களா செய்தீர்கள்? வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் செடியும் மரமும் மூன்றாம் நாள், மனிதன் ஆறாம் நாள். பந்தி பரிமாறி முடித்தபின் வந்து சேர்ந்த விருந்தாளி நாம். வந்தவன் சாப்பிட்டுவிட்டு, “சமையல்காரன் நான்தான்” என்று சொல்லிக்கொள்வதைத்தான் எதிரணி இத்தனை நேரம் செய்தது.

இப்போது என் கதை. ஆலய வளாகத்தில் பன்னிரண்டு கன்றுகள் நட்டேன். குழி வெட்டியது நான், வேலி கட்டியது நான், சபையில் எழுந்து சாட்சி சொன்னதும் நான். இரண்டாம் மாதம் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. விட்டேனா? இடது கையில் வாளியைத் தூக்கினேன். அந்த வாளியை மறந்துவிடாதீர்கள், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. குழாயடியில் புறப்படும்போது வாளி நிறையத் தண்ணீர். கன்றை அடையும்போது கால் வாளி. மீதி முக்கால் வாளியும் என் செருப்பில். எட்டாம் நாள் கன்றுகள் வாடித் தொங்கின. செருப்பு மட்டும் துளிர்த்துவிடும் போலிருந்தது!

பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். “மாமா, நான் தூக்கட்டுமா?” “வேண்டாம் தம்பி.” ஆலயப் பணியாளர் வந்தார். “ஐயா, நான் ஊற்றுகிறேனே?” “வேண்டாம், எனக்கு ஒன்றும் சிரமமில்லை.” மாலையில் என் மனைவி வந்தாள். அவளிடம் சொன்ன பதிலை இந்த மேடையில் சொல்ல முடியாது. ஆக, மூன்று தடவை மறுத்தாயிற்று. சேவல் கூவுமுன் ஆண்டவரை மூன்று தடவை மறுதலித்த சீடன் பேதுருவுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், என் கதையில் சேவல் கூவவில்லை.

சேவலுக்குப் பதிலாகப் பாடகர் குழுவில் ஒரு வயதான அம்மா வந்தார். கேட்கிறவர்களுக்குத்தான் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. வாளியைக் கையிலிருந்து பிடுங்கினார். “அம்மா, இது என் மரம்” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உன்னுடையதா, ஆண்டவருடையதா?” “ஆண்டவருடையதுதான்.” “அப்படியானால் நகரு.”

நகர்ந்தேன். அந்தப் பையனும் ஒரு சொம்போடு ஓடிவந்தான். என் பிடிவாதத்துக்கு இரண்டு கன்றுகள் பலியாகிவிட்டன. அவர்கள் வாளியில் பத்து பிழைத்தன. எதிரணிக்கு ஒரு கேள்வி. அந்த எட்டு நாளும் நான் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கன்றுகள் ஏன் வாடின?

பேதுருவின் பெயரை எடுத்தாயிற்று, முடித்துவிடுகிறேன். கால் கழுவக் குனிந்த ஆண்டவரிடம், “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்றார். கேட்பதற்குப் பணிவு மாதிரி இருக்கிறது. ஆண்டவர் மெச்சவில்லை. “நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை” என்றார்.

எலியா கேரீத் ஆற்றங்கரையில் ஒளிந்திருந்தபோது அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது யார்? காகம். வேதத்தின் சட்டநூலான லேவியராகமம் அருவருக்கச் சொன்ன பறவைகளில் ஒன்று. “நான் தீர்க்கதரிசி, நீ காகம், போ” என்றா சொன்னார்? காலையிலும் வாங்கிச் சாப்பிட்டார், மாலையிலும் வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு காகத்தின்மேல் கல்லெறிந்திருப்பாரா? என் கட்சி முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உலகத்து உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாவது தேனீ, வண்டு, வௌவால் போன்றவற்றின் தயவில்தான் காய்க்கிறது. அந்தத் தயவை ஒப்புக்கொள்ளாதவன்தான் கூசாமல் மருந்தடித்துக் கொல்கிறான்.

ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு என்கிறது லேவியராகமம். விதைக்காதே, தானாய் விளைவதை உண். கொடுத்தே பழகியவன் ஓராண்டு கையைக் கட்டிக்கொண்டு வாங்கிச் சாப்பிட வேண்டும்!

துறவி அசிசி பிரான்சிஸ் எத்தனை மரம் நட்டார் என்று எதிரணி கணக்குக் காட்டட்டும். 1979இல் சூழலியலின் பாதுகாவலர் என்று அறிவிக்கப்பட்டவர் அவர். சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அவர் பாடியது 1225 வாக்கில். கண்பார்வை மங்கி, நோயில் விழுந்து, பிறர் பராமரிப்பில் கிடந்த நாட்கள் அவை.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

எதிரணி கையில் இன்னும் ஒரு வசனம் இருக்கிறது. “வாங்குகிறதைப் பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்.” ஆண்டவருடைய வார்த்தைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சொன்னவரைப் பாருங்கள். ஏறிப் பேசிய படகு பேதுருவுடையது. ஏறிவந்த கழுதை இன்னொருவருடையது. சிலுவையைச் சுமக்கச் சிரேனே ஊரான் சீமோன். அடக்கம்பண்ணிய கல்லறை அரிமத்தியா ஊரான் யோசேப்பினுடையது. நதிகளைப் படைத்தவர் சமாரியப் பெண்ணிடம் “தாகத்துக்குத் தா” என்றார். சிலுவையில் “தாகமாயிருக்கிறேன்” என்றார். யாரோ கடற்காளானை, அதாவது கடற்பஞ்சை, காடி என்ற புளித்த திராட்சரசத்தில் தோய்த்து, ஈசோப்புச் செடியின் தண்டில் வைத்து நீட்டினார்கள். கடலில் வளர்ந்தது ஒன்று, மண்ணில் முளைத்தது ஒன்று. யோவான் எழுதுகிறார், “இயேசு காடியை வாங்கின பின்பு, முடிந்தது என்று சொல்லி.” வாங்கின பின்பு, நடுவர் அவர்களே!

அந்த வாளி அம்மா போன வருடம் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனேன். உதடு காய்ந்திருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்து, ஸ்பூனில் தண்ணீர் எடுத்தேன். “உனக்கு எதற்கப்பா சிரமம், வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பினார். “அம்மா, இந்த உயிர் உங்களுடையதா, ஆண்டவருடையதா?” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.