படம் காட்டிக்கொடுக்கும் பொய்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் தமிழறிஞர்களே, வாசிப்பு மாதத்தை முன்னிட்டு இந்த வாசிகசாலை முற்றத்தில் கூடியிருக்கும் பெற்றோரே, ஆசிரியப் பெருந்தகைகளே, முன்னால் பாயில் இருந்துகொண்டு இது எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளை வாசிப்பில் நிலைக்கச் செய்வன நீதிக்கதைகளா, வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் சித்திரக் கதைகளா என்பதே இன்று உங்கள் முன் இருக்கும் வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தால் பிள்ளை எழுத்தை வாசிக்காது என்றார். தாய் தகப்பனையும் ஆசிரியரையும் கேலிக்குரியவர்களாகக் காட்டும் கதையால் ஒழுக்கம் கெடும் என்றார். இவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒவ்வாதவை என்றும் சொல்லி, கடைசியில் ஔவையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அமர்ந்தார். ஔவையிடம் எங்களுக்கும் பக்தி உண்டு; அவரை எதிரணியினர் முழுவதுமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

படத்தைப் பற்றிய குற்றச்சாட்டை முதலில் எடுக்கிறேன். எங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. படம் என்றவுடன் எதிரணியினர் பாடநூலில் வரும் படத்தையே நினைக்கிறார்கள். அங்கே பசு புல் மேய்கிறது என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு பசு புல் மேய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் பேசும் கதைகளில் படத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அங்கே கதையைச் சொல்பவன் ஒரு பள்ளிப் பிள்ளை. பெரும்பாலும் நாட்குறிப்பு எழுதுவதுபோல எழுதுகிறான். எழுதும்போது தன்னைவிட உத்தமன் ஊரில் இல்லை என்றே எழுதுகிறான். பக்கத்தில் இருக்கும் படமோ உண்மையில் நடந்ததைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நம் ஊரில் அப்படியொரு பக்கம் எழுதப்பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெடியன் எழுதுகிறான்: "இண்டைக்கு வீட்டிலை ஒடியல் கூழ். அப்பம்மாவுக்கு வயது போட்டுது எண்டபடியால் நான் உதவி செய்தனான். கூழுக்குள்ளை றால் காணுமோ எண்டு மட்டும் பாத்தனான். காணேல்லை." இதற்குக் கீழே படம். பானை மூடி நிலத்தில் கிடக்கிறது. பெடியனின் இரண்டு கன்னங்களும் உப்பியிருக்கின்றன. காலடியில் நிற்கும் பூனையின் கன்னமும் உப்பியிருக்கிறது. பின்னால், குசினி வாசலில், அப்பம்மா அகப்பையோடு நிற்கிறார். இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனால் அவருடைய தலைக்கு மேல் சிறிதாக ஒரு கறுப்பு மேகம் வரையப்பட்டிருக்கிறது.

இப்போது பாருங்கள். எழுத்தை மட்டும் வாசித்தால் அவன் நல்ல பிள்ளை. படத்தை மட்டும் பார்த்தால் அவன் ஒரு கள்ளன், அவ்வளவுதான். அதில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிள்ளைக்குத்தான், அவன் பொய்கூடச் சொல்லவில்லை, உண்மையில் பாதியை மட்டும் எழுதிவிட்டு மீதியை விழுங்கியிருக்கிறான், றாலையும் சேர்த்து விழுங்கியிருக்கிறான் என்பது விளங்கும். விளங்கிய கணத்தில்தான் சிரிப்பு வரும். ஆகவே இவ்வகைக் கதையில் எழுத்தைத் தாண்டிப் படத்துக்கு ஓடும் பிள்ளை சிரிப்பை இழந்துவிடும். சிரிக்க ஆசைப்பட்ட பிள்ளை திரும்பி வந்து வாசித்தே ஆகவேண்டும். ஜெஃப் கின்னி என்ற அமெரிக்கர் எழுதும் நாட்குறிப்புக் கதைகள் ஒவ்வொன்றும் 200 பக்கங்களைத் தாண்டுகின்றன. பாடநூலில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னால் தண்ணீர் விடாய்க்கும் பிள்ளை, அந்த 200 பக்கங்களையும் முடித்துவிட்டு அடுத்த புத்தகம் எங்கே என்று கேட்கிறது என்றால், படம் எழுத்தைத் தின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது?

இந்த வயதின் சங்கடத்தையும் எதிரணியினர் எண்ணிப் பார்க்கவேண்டும். தொடக்க வகுப்புகளில் புத்தகம் முழுக்க வண்ணப்படம். நான்காம், ஐந்தாம் தரத்துக்கு வரும்போது படங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோக, எழுத்து நெருக்கமாகி, அதே நேரத்தில் புலமைப்பரிசில் பரீட்சையும் வந்து தலையில் ஏறிக்கொள்கிறது. அதன்பிறகு வாசிப்பு என்றால் பந்தியை வாசித்து வினாவுக்கு விடை எழுதுவது, ரியூசனில் தந்த மாதிரி வினாத்தாளைச் செய்வது, வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்பது என்று ஆகிவிடுகிறது. பிள்ளை வாசிப்பைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். படத்துக்கும் நீண்ட எழுத்துக்கும் நடுவில் பிள்ளையைக் கைபிடித்து நடத்துவதற்கு இப்படியொரு புத்தகம் வேண்டும்.

ஒழுக்கம் கெடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். நீதிக்கதையில் தீர்ப்பைக் கதாசிரியரே கடைசி வரியில் எழுதிவைத்துவிடுகிறார். கெட்டிக்காரப் பிள்ளை கதையை வாசிக்காமலே அந்த வரியை மனனம் செய்து, பரீட்சைத் தாளில் எழுதி, புள்ளியும் வாங்கிவிடும். கூழ்ப்பானைக் கதையில் தீர்ப்பு எங்கும் எழுதப்படவில்லை. பத்து வயதுப் பிள்ளை தானே வாக்குமூலத்தை வாசித்து, தானே படத்தோடு ஒத்துப் பார்த்து, இவன் புளுகுகிறான் என்ற முடிவுக்கு வருகிறது. வந்தபின், போன கிழமை அம்மாவிடம் தானும் இப்படித்தான் ஒரு கதை விட்டோம் என்பது கொஞ்சம் உறைக்கவும் கூடும். நடுவர் அவர்களே, நீங்கள் செய்கிற தொழிலைத்தான் அந்தப் பிள்ளை செய்கிறது; அதுவும் பொன்னாடையை எதிர்பாராமல்.

இக்கதைகளில் கேலிக்கு ஆளாகிறவர் யார் என்பதையும் எதிரணியினர் பிழையாகக் கணித்துவிட்டார்கள். முதலில் அடிபடுகிறவன் கதை சொல்பவன்தான். "இந்தத் தவணை நான் முன்னேறிப் போட்டன். 34 ஆம் பிள்ளையாய் இருந்த நான் இப்ப 33 ஆம் பிள்ளை" என்று அவன் பெருமையோடு எழுதியிருக்க, படத்தில் வகுப்புத் தோழன் ஒருவன் குடும்பத்தோடு கனடா போவதற்காகப் பெட்டி படுக்கையுடன் வாகனத்தில் ஏறிக்கொண்டிருக்கிறான். வகுப்பில் இப்போது எத்தனை பேர் என்று நம்முடைய நாயகன் எழுதவில்லை. பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் இப்போதுதான் சிரிக்கிறார்கள். முன்னால் இருக்கும் பிள்ளைகள் அதற்கு முன்னமே சிரித்துவிட்டார்கள்.

தாய் தகப்பனும் ஆசிரியரும் இக்கதைகளில் சறுக்கி விழுவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் எப்படி விழுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். 1959 இல் பிரான்சின் போர்தோ நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் ஞாயிறு இதழில், கொசினி எழுத, செம்பே படம் வரைய, நிக்கோலா என்ற சிறுவன் தன் வீட்டையும் பள்ளியையும் பற்றித் தானே சொல்லும் கதைகள் வரத் தொடங்கின. அவனுடைய தகப்பனார் பக்கத்து வீட்டுக்காரரோடு சிறுபிள்ளைபோலச் சச்சரவு செய்கிறவர். மகன் அதை ஒரு குறையும் சொல்லாமல், உலகத்தில் எல்லா அப்பாமாரும் இப்படித்தான் என்ற நம்பிக்கையோடு சொல்லிச் செல்வான். அப்பாவும் பிழைவிடுகிற ஆள்தான் என்று அறிந்துகொண்டே அவர்மேல் அன்பு வைத்திருக்கும் பிள்ளை ஒழுக்கம் கெட்ட பிள்ளையா? அப்பா பிழையே விடாதவர் என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளைதான் பதினாறு வயதில் அவரோடு பேச்சை நிறுத்துகிறது என்பது என் கட்சி. கின்னிகூடத் தம் கதையை வளர்ந்தவர்கள் தங்கள் பள்ளிக்காலத்தை நினைத்துச் சிரிக்கவேண்டும் என்றுதான் எழுதினார். பதிப்பகத்தார்தான் அது பிள்ளைகளுக்குரியது என்று கண்டு 2007 இல் அவ்வாறு நூலாக வெளியிட்டார்கள். பெரியவர்களை அவமதிக்கும் நூலாக இருந்திருந்தால் பெரியவர்களுக்கென்றே அதை எழுதத் தொடங்கியிருப்பாரா?

ஒன்றை இங்கே சொல்லிவைக்கிறேன். சிரிப்பு வருகிறது என்பதற்காக எந்தப் புத்தகத்துக்கும் நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. உடல் பருத்த பிள்ளையையும், திக்கிப் பேசும் பிள்ளையையும், கிழிந்த சப்பாத்தோடு வரும் பிள்ளையையும் காட்டிச் சிரிக்கவைக்கிற புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை எதிரணியினர் தாராளமாகத் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டுபோய் எரிக்கட்டும்... இல்லை, யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. அலுமாரிக்குப் பின்னால் போடட்டும்.

வெளிநாட்டுச் சரக்கு என்ற வாதத்துக்கு நான் நெடுந்தூரம் போகத் தேவையில்லை. நவாலியில் வாழ்ந்து 1953 இல் மறைந்த சோமசுந்தரப் புலவரைத் தங்கத்தாத்தா என்று இந்த மண் கொண்டாடுகிறது. கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியைக் காவல் செய்கிற சேவகனாக விளித்து, அதற்கு ஒரு பெரிய உத்தியோகத்தையே கொடுத்துப் பாடியவர் அவர். ஆடிப்பிறப்பைப் பற்றி அவர் பாடிய பாட்டை இங்கே தெரியாதவர் இல்லை. அதில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு விடுதலை, வீட்டில் கூழ், கொழுக்கட்டை, தோழருக்கு ஆனந்தம். வீடும் பள்ளியும் குதூகலமும்தான் அதன் பொருள். அதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஒழுக்கம் கெடும் என்று யாரும் வழக்குப் போடவில்லை. அந்த வழியில் உரைநடையும் படமும் சேர்ந்து வந்தால் மட்டும் அது எப்படி அந்நியமாகிவிடும்?

இத்தகைய நூல்கள் தமிழில், அதுவும் நம் ஊர்ப் பேச்சோடும் நம் ஊர்க் குசினியோடும், போதிய அளவு இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். பரிசளிப்பு விழாவுக்கு நூல் வாங்குகிறவர்கள் அட்டை கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கொடுத்த நூல் கிண்ணங்களோடு சேர்த்துக் கண்ணாடி அலுமாரிக்குள் போய்விடுகிறது. எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் கேட்டு வாங்குகிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே அவர்கள் கூடி உட்காருவார்கள்? சித்திர ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே ஓய்வறையில் தேநீர் குடிக்கும் பள்ளிக்கூடங்கள் இந்தக் குடாநாட்டில் நிறைய இருக்கின்றன.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாசிகசாலையின் இரவல் பதிவேடு உள்ளே மேசையில் இருக்கிறது. யாரும் சொல்லாமல், பரீட்சையும் இல்லாமல், ஒரு பிள்ளை திருப்பிக் கொடுத்த பிறகு மறுபடியும் கேட்டு எடுத்துக்கொண்டு போன நீதிக்கதை நூல் ஒன்றின் பெயரை அதில் பார்த்து வாசித்துவிட்டு, அவர் தமது உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.