ஃபெஸ் ஹாஸ்டல்ல சுடுதண்ணி ஏன் பாதியில நிக்குது?

வணக்கம் மக்களே. இன்னைக்கு மொராக்கோ, ஃபெஸ் நகரம், பழைய மதீனா, அதாவது மதில் சூழ்ந்த பழைய ஊர்ப் பகுதி. ஹாஸ்டல் வீடியோன்னா நான் கட்டிலுக்கு முன்னாடி பாத்ரூமைத்தான் காட்டுவேன்னு உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை அங்கயே நிக்கப் போறேன். போன ஃபெஸ் வீடியோவுக்குக் கீழ பாதிப் பேர் ஒரே புகார்: "24 மணி நேரமும் சுடுதண்ணின்னு போட்டிருந்தாங்க, தலைக்கு ஷாம்பு போட்டதும் பச்சத் தண்ணி வந்துடுச்சு." இப்படிப் போட்டுட்டு காசு வாங்குறது எனக்குச் சுத்தமா பிடிக்கல.

காரணம் சொல்றேன், பொறுமையா கேளுங்க. இங்க நிறைய ஹாஸ்டல்கள்ல கரண்ட் கீசர் கிடையாது. சுவத்துல மாட்டின கேஸ் கீசர், கீழ பியூட்டேன் சிலிண்டர். தண்ணி ஓடுற வேகத்தை வச்சுத்தான் இந்த கீசர் பத்திக்கும். ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழ போனா தீ அணைஞ்சிடும். மொட்டைமாடித் தொட்டியிலேருந்து வர்ற தண்ணிக்கு வேகம் கம்மி, ரெண்டு ஷவரை ஒண்ணா திறந்தா போதும், ரெண்டு பேருக்கும் போச்சு.

நாம பண்ற தப்பும் ஒண்ணு இருக்கு. சூடு அதிகம்னு பச்சத் தண்ணிக் குழாயைத் திறந்து, சுடுதண்ணியைக் குறைப்போம். குறைச்ச உடனே கீசருக்குள்ள ஓட்டம் குறையும், தீ போயிடும். சுடுதண்ணிக் குழாயை முழுசா திறந்தே வைங்க, சூட்டை கீசர்ல இருக்கிற கேஸ் திருகுல குறைங்க. கீசர் எங்க இருக்குன்னு உள்ள நுழைஞ்சதுமே கேட்டு வச்சுக்கங்க.

குளிர்காலத்துல இன்னொரு சிக்கல். ஜனவரி ராத்திரி இங்க 4, 5 டிகிரி வரைக்கும் இறங்கும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா ஆவியாகாம திரவமாவே நின்னுடும், அதை நெருங்கும்போதே அழுத்தம் குறையும். அதனால சிலிண்டரை மாடியில வெளியில வச்சிருந்தா விடியக்காலையில கேஸ் அழுத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும். எரிய எரிய சிலிண்டர் இன்னும் சில்லுனு ஆகும். அதனால காலை 7 மணிக்கு வரிசையில நிக்காதீங்க, மத்தியானம் மூணு மணிக்குக் குளிங்க.

இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க: கீசர் பாத்ரூமுக்குள்ளயே இருந்து, புகை வெளிய போக குழாய் இல்லைன்னா அங்க குளிக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தலை வலிச்சா, கிறுகிறுன்னு வந்தா உடனே வெளிய வந்துடுங்க.

சுடுதண்ணி கிடைக்கலையா? தெருவுல ஹம்மாம் இருக்கு, அதாவது பொதுக் குளியல் கூடம். எனக்கு ஹாஸ்டல் ஷவரை விட அதுதான் பிடிக்கும். விறகு போட்டு எரிச்ச வெந்நீர், வாளி வாளியா. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நேரம், இல்லன்னா தனித்தனிக் கட்டடம், கேட்டுட்டுப் போங்க. கறுப்பா களிம்பு மாதிரி ஒரு சோப்பு, சவூன் பெல்தி, அப்புறம் கெஸ்ஸான்னு சொரசொரப்பான கையுறை, ரெண்டும் பக்கத்துக் கடையிலயே கிடைக்கும். துண்டு, செருப்பு, மாத்துத் துணி எடுத்துட்டுப் போங்க.

இப்ப ரூம். வெளிய ஜன்னல் பார்க்காதீங்க, இருக்காது. நடுவுல முற்றம், சுத்தி ரூம், நம்ம ஊர் முற்றம் வச்ச வீடு மாதிரியேதான். இந்த மாதிரி வீட்டை ரியாத்னு போட்டிருப்பாங்க, ஆனா முற்றத்துல தோட்டம் இருந்தாத்தான் ரியாத், வெறும் முற்றம்னா அதுக்கு "தார்"னு பேரு. ஜூலையில கீழ் தளம் கேளுங்க, மேல வெந்துடுவீங்க. குளிர்ல மேல் தளம், கீழ ஈரம் ஏறும். முற்றத்துல யாராவது இருமினாக்கூட மூணு மாடிக்கும் கேக்கும், காதுல வைக்கிற பஞ்சு அவசியம். டார்ம்ல, அதாவது பல பேர் தங்குற ரூம்ல, ஒரு கட்டில் சாதாரணமா 80லேருந்து 150 திர்ஹம் (மொராக்கோ காசு). அதுக்கு மேல ஆளுக்கு, ராத்திரிக்குன்னு ஊர் வரி கொஞ்சம், ரொக்கமா கேப்பாங்க. போலீஸ் படிவமும் நிரப்பணும், பாஸ்போர்ட்ல முத்திரைக்குப் பக்கத்துல இருக்கிற நுழைவு எண்ணைக் கேப்பாங்க, போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

ஐயோ, வழியை முதல்லயே சொல்லியிருக்கணும். மதீனாவுக்குள்ள கார் வராது. ஹாஸ்டல்கிட்ட "எந்த வாசல் பக்கம்"னு கேளுங்க. பாப் பூ ஜலூத்ங்கிற வாசல் மேற்கு உச்சியில, ர்சீஃப்ங்கிற இடம் கீழ. கராவிய்யீன் பள்ளிவாசல் பக்கத்துல ஹாஸ்டல்னா ர்சீஃப்ல இறங்குங்க. பூ ஜலூத்ல இறங்கினா தலா கபீராங்கிற தெரு வழியா ஒரு கிலோமீட்டருக்கு மேல சரிவு, திரும்பும்போது பெட்டியோட ஏத்தம். சிவப்பு பெத்தி டாக்ஸியில (ஊருக்குள்ள ஓடுற சின்ன டாக்ஸி) மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க, மீட்டர் போடச் சொல்லுங்க, ராத்திரி 8 மணிக்கு மேல மீட்டர் தொகையோட பாதி கூடச் சேரும்.

சந்துல சுவர் உயரம், ஃபோன் வரைபடப் புள்ளி தடுமாறும். பூ ஜலூத் வாசல் வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் பச்சை. பச்சை கண்ணுல பட்டா வெளிய போற பக்கம் பாத்துட்டு இருக்கீங்க. "இந்த வழி மூடியிருக்கு"ன்னு கூட வர்ற பசங்ககிட்ட "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி)னு சொல்லிட்டு நடங்க. பின்னால "பாலாக்!"னு சத்தம் கேட்டா மட்டும் சுவரோட ஒட்டிக்கங்க, கோவேறு கழுதை சுமையோட வருது.

சாப்பாடு நாளைக்குத் தனி வீடியோ. அதுவரைக்கும் சைவக்காரங்க காலையில பிஸ்ஸாரா கேளுங்க, காஞ்ச மொச்சை மாதிரி ஒரு பயறை மசிச்ச சூப், மேல ஆலிவ் எண்ணெய், சீரகப்பொடி. ஹரீராங்கிற சூப்புன்னா "ப்லா ல்ஹம்"னு கேட்டுட்டு வாங்குங்க, கறி இல்லாமன்னு அர்த்தம்.

ஆங், கீசர்ல ஒண்ணு விட்டுட்டேன். தண்ணி நல்லா வருது, சிலிண்டரும் நிறைஞ்சிருக்கு, ஆனா தீ பத்த வைக்கிற டிக் டிக் சத்தமே கேக்கலைன்னா அடியில பேட்டரி தீந்திருக்கும். தடி பேட்டரி ரெண்டு, மளிகைக் கடையிலயே இருக்கும், ஹாஸ்டல்காரரை மாத்தச் சொல்லுங்க.