கலங்க வைத்தவர் ஆயிரம் பேர், சிரிக்க வைத்தவர் நாகேஷ்

(பட்டிமன்றத் தலைப்பு: நாகேஷ் நம் நெஞ்சில் நிற்பது சிரிக்க வைத்ததாலா, கலங்க வைத்ததாலா? சிரிப்பு அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், விழாக் குழுவுக்கும், மணலில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம். கொடுத்திருப்பது பத்து நிமிடம். ஒவ்வொருவர் பேராகச் சொன்னால் நாகேஷ் பேரைச் சொல்ல நேரம் இருக்காது.

எனக்கு முன்னால் கலங்க வைத்த அணிக்காகப் பேசிய பேராசிரியை அக்கா அருமையாகத்தான் பேசினார். நாகேஷ் அழ வைத்த படம் நீர்க்குமிழி என்றார், எதிர்நீச்சல் படத்தில் வரும் மாது என்றார், அபூர்வ ராகங்களில் தன் நிழலோடு பேசிக் குடிக்கும் டாக்டர் என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் என் பக்கம் கையை நீட்டி, "சிரிக்க வைக்க நடிப்பு எதற்கு? இந்தத் தம்பி எழுந்து நின்றாலே சிரிப்பு வருகிறது. சட்டை மட்டும் தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கிறது" என்றாரே, அதற்கு நீங்களும் கைதட்டினீர்களே! முன்வரிசையில் என் மாமனார்கூடத் தட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, ஒல்லியாக இருந்தாலே சிரிப்பு வரும் என்றால் எங்கள் தெருவில் மட்டும் நாற்பது நாகேஷ் இருக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் வந்து பாருங்கள், ஒருவரைப் பார்த்தும் ஒருவரும் சிரிப்பதில்லை. 1933-இல் தாராபுரத்துப் பக்கம் பிறந்தவர் நாகேஷ். அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை. உங்கள் கணக்குப்படி, அவரைப் பார்த்ததுமே மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்து இன்க்ரிமென்ட் போட்டிருக்க வேண்டுமே, போட்டாரா? அதே உடம்பு, அதே முகம். ஆபீஸில் வராத சிரிப்பு மேடையில் மட்டும் எப்படி வந்தது?

எப்படி வந்தது என்று சொல்கிறேன். ரயில்வேக்காரர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். நாகேஷுக்கு ஆசை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வேஷம் வாங்கினார். என்ன வேஷம்? வயிற்றுவலிக்காரன்! பேர் தெரியாத, ஊர் தெரியாத ஒரு நோயாளி. அன்றைக்குத் தலைமை தாங்க வந்திருந்தவர் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்! (கைதட்டல் எனக்கா, அவருக்கா? சரி, பாதிப் பாதி வைத்துக்கொள்வோம்.) வயிற்றுவலிக்காரன் மேடைக்கு வந்தான். வலியில் துடித்தான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வலி ஒருத்தனுக்கு, வயிற்றைப் பிடித்தது ஊர் முழுக்க! முடிவில் எம்.ஜி.ஆர். பரிசுக் கோப்பையை எடுத்து யாரிடம் கொடுத்தார்? வயிற்றுவலியிடம்!

சுண்டல் வாங்கப் போனவர்கள் இப்போதுதான் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை. வருகிற வழியில் யாரையும் மிதிக்காமல் உட்காருங்கள் ஐயா. ரயில்வே நாடகம். நாகேஷுக்கு வயிற்றுவலி. எம்.ஜி.ஆர். தலைமை. கோப்பை வயிற்றுவலிக்கு. புரிந்ததா? நான் பாவப்படுவது அந்த நாடகத்தின் கதாநாயகனுக்காக. பாவம், இரவு பகலாக வசனம் மனப்பாடம் செய்திருப்பார். முகத்தில் ரோஸ் பவுடர் அப்பியிருப்பார். பெண்டாட்டி வீட்டு ஜனத்தையே கூட்டிவந்து உட்கார வைத்திருப்பார். கடைசியில், கொஞ்ச நேரம் வந்து முனகிவிட்டுப் போன ஒல்லிப்பயல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறான்! நடிப்பில் வயிற்றுவலி நாகேஷுக்கு, நிஜத்தில் வயிற்றெரிச்சல் கதாநாயகனுக்கு!

இதில் அக்காவுக்கு ஒரு பதில் இருக்கிறது. வயிற்றுவலி சிரிப்பான விஷயமா? இல்லை. அழவேண்டிய விஷயம். திருவிளையாடல் தருமியை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு வழியில்லாத புலவன், ஆயிரம் பொன்னுக்கு ஏங்கி, யாரோ எழுதிய பாட்டைச் சபைக்குக் கொண்டுபோய் அவமானப்பட்டுத் திரும்புகிறான். இந்தக் கதையை அக்கா சொல்லியிருந்தால் நாம் எல்லோரும் மூக்கைச் சிந்தியிருப்போம். நாகேஷ் செய்தார், 1965-இலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறோம். அதுவும் யாருக்கு எதிரே? சிவபெருமானாக சிவாஜி நிற்கிறார்! அந்தக் கண்ணுக்கு எதிரே வசனம் மறக்காமல் நிற்பதே பெரிய காரியம்.

காதலிக்க நேரமில்லை பேய்க்கதையை விட்டுவிட்டுப் போனால் என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டீர்கள். அந்தக் காட்சியில் கதை என்று என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷிடம் கதையும் கிடையாது, காசும் கிடையாது. அப்பா பாலையா சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். இவர் குரலை இறக்குகிறார், கையை விரிக்கிறார், கதவு திறக்கிற சத்தத்தைத் தன் வாயாலேயே போடுகிறார். பாலையா முகம் போகிற போக்கைப் பாருங்கள். மகன் படம் எடுக்கக் காசு கேட்கிறான் என்பதையே மறந்துவிட்டு, பயத்தில் ஒடுங்கிப்போகிறார். ஒரு பேய்கூடத் திரையில் வரவில்லை ஐயா!

நடுவர் மணியைத் தொடுகிறார். தொடுங்கள், அடித்துவிடாதீர்கள், எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அக்கா கடைசியாக ஒரு துருப்புச் சீட்டு போட்டார். 1994-இல் நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்ததற்குத்தான் தேசிய விருது கிடைத்தது, சிரிக்க வைத்ததற்குக் கிடைக்கவில்லை என்றார். உண்மை. அதே 1994-இல் மகளிர் மட்டும் வந்ததே, அதை ஏன் அக்கா விட்டுவிட்டார்? அதில் நாகேஷுக்கு என்ன வேஷம்? பிணம்! பிணத்துக்கு வசனம் உண்டா? கிடையாது. கண்ணைச் சிமிட்டலாமா? கூடாது. பிணமாகக் கிடந்தே தியேட்டரைச் சிரிக்க வைத்த மனிதரை அழுகைக் கணக்கில் எழுதலாமா? விருதுக் கணக்கைப் பேசினால் வருத்தம்தான் மிஞ்சும். 2009 ஜனவரி 31-இல் அவர் போகிறவரை ஒரு பத்ம விருதுகூட அவர் வாசலுக்கு வரவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். என் அப்பா ஒரு ஹோட்டலில் சப்ளையர். விரலெல்லாம் டம்ளர் சூட்டில் காய்த்துப் போயிருக்கும். எங்கே சர்வர் சுந்தரம் போட்டாலும் போய்விடுவார். நாகேஷ் கை நிறைய அடுக்கிக்கொண்டு வரும்போது "நம்ம ஆளுடா" என்று என் தொடையில் ஒரு அடி அடிப்பார். சுந்தரத்தின் அம்மா சாகிற கட்டம் நெருங்கினால் மட்டும், டீ குடிக்கிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுவார். அழுவதற்கு அவருக்கு வீட்டிலேயே நிறைய விஷயம் இருந்தது. அதற்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

கடைசி நாட்களில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ஒரு ராத்திரி என் போனில் அந்தப் பேய்க்கதையைப் போட்டுக் காதோரம் வைத்தேன். படத்தைப் பார்க்கத் தெம்பில்லை, சத்தம் மட்டும்தான். பாலையா பயப்படுகிற இடம் வந்தது. அப்பாவின் தோள் குலுங்கியது. மூச்சுத் திணறல் என்று பயந்து நர்ஸைக் கூப்பிட ஓடினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, சிரிக்கிறார்" என்றார். அப்பா கையைத் தூக்கி என் தொடையைத் தேடினார். எட்டவில்லை. நான்தான் அந்தக் கையை எடுத்து என் தொடையில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நடுவர் அவர்களே, மணியடிக்க மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, நானே முடித்துக்கொள்கிறேன். அங்கே என்ன, அக்கா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்? முன்வரிசையில் மாமனாருமா! ஐயையோ, அழாதீர்கள், தயவு செய்து யாரும் அழாதீர்கள். இப்படி அழுதால் எதிரணி ஜெயித்துவிடும்! நன்றி, வணக்கம்.