பாலை நிறுத்திவிட்டால் கல் வராதா?

எல்லோருக்கும் வணக்கம். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் முதலில் கேட்பது, “இனி எதைச் சாப்பிடக் கூடாது?” என்றுதான். “ஒரு நாளைக்குச் சிறுநீர் எவ்வளவு போகிறது?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் வராது. யார்தான் அளந்து பார்க்கிறார்கள்!

கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்த உப்பு. வெறும் தண்ணீரில் கரையக்கூடியதைவிட அதிகமாக இந்த உப்பு நம் எல்லோர் சிறுநீரிலும் இருக்கிறது. இருந்தும் எல்லோருக்கும் கல் வருவதில்லை. காரணம், சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் சிட்ரேட் போன்ற காவலர்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சலேட்டுக்குக் கூட்டாளி கிடைக்காது. சிட்ரேட் குறைந்தாலோ, சிறுநீரின் அளவே குறைந்தாலோ படிகம் தொடங்கும். அதனால்தான் தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம். கவனியுங்கள், குடிக்கும் அளவு அல்ல, போகும் அளவு.

சரி, கல்லில் கால்சியம் இருப்பதால் பாலை நிறுத்தலாமா? வேண்டாம். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப்போட்டு மலத்தோடு அனுப்பிவிடும். இத்தாலியில் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி 5 ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல். கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 12 பேருக்குத்தான். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். குற்றவாளி அங்கே இருக்க, நாம் பாலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

யூரிக் அமிலக் கல்லின் கதை வேறு. அங்கே பிரச்சினை சிறுநீரின் புளிப்பு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (இது குறைந்தால் புளிப்பு கூடும்) 5.5க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் எளிதில் படியும்.

குழந்தைகளுக்கு வருவோம். விலாவில் வலி என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். வெறும் வயிற்று வலியாகவோ, சிறுநீரில் இரத்தமாகவோ தெரியலாம். பெரியவர்களின் அளவுகோலும் இங்கே பொருந்தாது. ஒரு நாளில், ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் சிறுநீரில் வெளியேறினால் அதிகம் என்கிறோம். சிஸ்டினூரியா (சிஸ்டின் என்ற அமினோ அமிலம் சிறுநீரில் அதிகமாக வெளியேறுவது) போன்ற பரம்பரைக் கோளாறு ஒளிந்திருக்கலாம் என்பதால், “இன்னொரு தடவை வரட்டும், பார்க்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் கல்லிலேயே சிறுநீரைச் சோதியுங்கள்.

அப்புறம், சோதனைக்கான 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு. காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் முதலில் போவது உட்பட எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். அன்று மட்டும் பொறுப்பாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அறிக்கை அழகாக வரும். ஆனால் கல் வளர்ந்தது அந்தச் சிறுநீரில் இல்லையே!