வெறியா, சீனி இறங்கினதா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். வன்னியில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள் நான். சலரோகத்தை, அதாவது நீரிழிவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலே ஒரு இரவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

காலபோக அறுவடை நேரம். பனங்கள்ளும் இறங்கத் தொடங்கியிருந்தது. பகல் முழுக்க நெல்மூடை தூக்கின ஒருவர், பொழுதுபட்டதும் கொட்டிலில் இரண்டு போத்தல் குடித்துவிட்டு, சோறு தின்னாமல் வந்து திண்ணையில் சாய்ந்துவிட்டார். சலரோகக்காரர், காலையில் சீனியை இறக்குகிற கிளிக்கிளசைட் குளிசை போட்டவர். நடுச்சாமத்தில் உடம்பு தெப்பமாய் வியர்த்து, நாக்குக் குழறியிருக்கிறது. வீட்டில் "வெறி, கிடக்கட்டும், விடியத் தெளியும்" என்று விட்டுவிட்டார்கள். விடியப்புறம் எங்களிடம் கொண்டுவந்தபோது குருதிச் சீனி 28 mg/dL. 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். ஆள் பிழைத்தார். "நான் பக்கத்திலதானே இருந்தனான் மிஸ்" என்று அவருடைய மனைவி அழுதது இன்னும் என் காதில் நிற்கிறது.

அந்த அம்மாவில் பிழை இல்லை. வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம் எல்லாம் வெறிக்கும் வரும், சீனி இறங்கினாலும் வரும். வாயில் கள்ளு மணந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

நாங்கள் சாப்பிடாத நேரத்தில் ஈரல்தான் சீனி செய்து இரத்தத்துக்குள் விடுகிறது. மதுசாரம் போனால் அந்த வேலை தடைப்படும். குளிசையோ இன்சுலினோ தன்பாட்டில் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். உழைத்த உடம்பில் சேமிப்பும் கரைந்திருக்கும். குடித்து 24 மணித்தியாலம் வரைக்கும் இது நடக்கலாம். "கள்ளு இனிப்புத்தானே, சீனி எப்படி இறங்கும்" என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் கூடும், பிறகுதான் இறங்கும். கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைத் தொடவே வேண்டாம், அதற்குள் என்ன இருக்கிறதென்று காய்ச்சினவருக்கே தெரியாது. சலரோகத்துக்கு மெற்ஃபோமின் குளிசை போடுகிறவர்கள் அளவுக்குமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் இருக்கிறது.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. ஈரல் வருத்தமோ நரம்புப் பாதிப்போ உள்ளவர்களுக்கு அது கட்டாயம். ஆனால் குடிக்கிறவரைக் கிளினிக்கில் ஏசி அனுப்பினால் அடுத்தமுறை மறைப்பார், அது இன்னும் மோசம். ஆகவே ஐயாமாரே, வெறுவயிற்றில் குடியாதேங்கோ. குடித்தால் கொஞ்சமாக, சோற்றோடு. படுக்கமுன் சீனி பாருங்கோ, பிட்டோ பாணோ ஏதாவது சாப்பிடுங்கோ. குடிப்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்தவேண்டாம், டொக்டரிடம் கேளுங்கோ. கூட இருக்கிற ஒருவருக்காவது உங்களுக்குச் சலரோகம் என்று சொல்லி வையுங்கோ.

வீட்டில் இருக்கிற அம்மாமாருக்கு: குடித்துவிட்டுப் படுத்தவரை இரவில் ஒருக்கால் தட்டி எழுப்பிப் பாருங்கோ. கதைத்து விழுங்கக்கூடியவர் என்றால், மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கோ. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை. தெளிந்தால் சாப்பாடு கொடுங்கோ. எழும்பாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதேங்கோ, புரைக்கேறிவிடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. வெட்கப்படாமல் இரண்டையும் சொல்லுங்கோ: "சலரோகக்காரர், குடிச்சிருக்கிறார்."