முப்பது சோறு பதம்

(உலக மீன்வள நாளையொட்டிப் பவானியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, மீன்வளத் துறையிலிருந்து வந்திருக்கும் உதவி இயக்குநர் அம்மா அவர்களே, நகராட்சி உறுப்பினர்களே, வலையைக் காயப்போட்டுவிட்டுப் பரிசல் துறையிலிருந்து நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களே, முன்வரிசையைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் நிற்கும் விலங்கியல் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். நன்றியுரையில் பெயர் விட்டுப்போகும் என்று அஞ்சி ஒலிபெருக்கிக்காரரையும் தேநீர் தருகிறவர்களையும் இப்போதே வணங்கிக்கொள்கிறேன்.

காட்டு மீனின் உடல்நலத்தை அளந்து ஆற்றின் நலத்தை எப்படி அறிவது என்பதே தலைப்பு. ஐந்து செய்திகள் சொல்லப்போகிறேன்: உடல்வாகு, மேல்தோற்றம், ரத்தம், ஈரல், மீன்கூட்டம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நம் ஆற்று நீரைச் சோதிப்பதும் அப்படித்தான் நடக்கிறது. காலை பதினொரு மணிக்கு ஒரு புட்டியில் நீர் எடுக்கிறோம். அந்த நேரத்தில் பாசி வெயிலில் ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டிருக்கும், அளவு நன்றாகவே வரும். மீன் வாயைப் பிளந்து மேலே வருவதோ விடியற்காலையில். இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்திருக்கும். நள்ளிரவு மழையோடு திறந்துவிட்ட சாயநீர் காலைக்குள் பத்து மைல் போய்விடும், புட்டியில் அதன் சுவடு இருக்காது. மீன் மட்டும் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் குடித்திருக்கிறது.

முதலில் உடல்வாகு. கிராம் கணக்கில் எடை, சென்டிமீட்டரில் நீளம். எடையை நூறால் பெருக்கி, நீளத்தின் கனத்தால், அதாவது நீளம் × நீளம் × நீளத்தால், வகுக்க வேண்டும். 20 செ.மீ. கெளுத்தி 72 கிராம் இருந்தால் 0.9. அதே நீளத்தில் 56 கிராம்தான் என்றால் 0.7, அது இளைத்த மீன். எளிய கணக்குதான், கெடுவதும் எளிது. ஒருவர் வால் நுனி வரை அளக்க, இன்னொருவர் வாலை விட்டு 16 செ.மீ. என்று எழுதினால், அந்த 72 கிராம் மீன் 1.76 ஆகிவிடும்! சினை மீனின் எடை சினையின் எடை, அதனால் ஆண், பெண் தனித்தனிக் கணக்கு. விராலின் எண்ணைக் கெளுத்தியின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எந்த மீனை எடுப்பது? ஜிலேபிக் கெண்டையை எடுக்காதீர்கள். சாக்கடையிலும் கொழுக்கும் மீன் அது. அது கொழுத்திருக்கிறது என்று ஆற்றுக்கு நற்சான்று எழுதுவது, வீட்டில் எலி கொழுத்திருப்பதால் குடும்பம் செழிப்பு என்று சொல்வது போல. கட்லா, ரோகு குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள், அவை எங்கே வளர்ந்தவை என்று சொல்ல முடியாது. தானாகப் பெருகி, அதிகம் இடம்பெயராமல் வாழும் உள்ளூர் மீன்தான் சாட்சி சொல்லும்.

அடுத்து மேல்தோற்றம். துடுப்பு அரிப்பு, புண், கட்டி, வளைந்த முதுகு, மீன்பேன், நங்கூரப்புழு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். வலை கிழித்த துடுப்பும் நோய் அரித்த துடுப்பும் வேறு. வலைக்காயம் புதிது, ரத்தம் கசியும். அரிப்பில் ஓரம் தடித்து வெளுத்திருக்கும். மார்கழிக் குளிரில் விராலில் புண் கண்டதும் ஆலையைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். 1988 முதல் இந்தியாவில் பரவிய புண்நோய்க்குக் காரணம் ஒரு நீர்ப்பூஞ்சை, குளிர்காலம்தான் அதற்குப் பருவம்.

இப்போது ஒரு கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1970களின் பிற்பகுதி, இங்கிலாந்து. கழிவுநீரைச் சுத்திகரித்து விடும் குட்டைகளில் தூண்டில் போட்டவர்கள் ரோச் என்னும் கெண்டையினத்து மீனைப் பிடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். இது ஆணா, பெண்ணா? ஒரே மீனுக்குள் இரண்டு அடையாளமும் இருந்தன. கவனியுங்கள், முதலில் கண்டவர் விஞ்ஞானி அல்லர், தூண்டில்காரர்! பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். வானவில் டிரவுட் மீன்களைக் கூண்டிலிட்டுச் சுத்திகரிப்பு நிலையத்து நீரில் இறக்கினார்கள். மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஆண் மீனின் ரத்தத்தில் வைட்டெலோஜெனின்! முட்டைக் கருவுக்காகப் பெண் மீனின் ஈரல் தயாரிக்கும் புரதம் அது. ஆணுக்கு எதற்கு? மாப்பிள்ளைக்கு வளைகாப்பு நடத்தியது போல. (சிரிப்பு) அதுவும் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாக. 1994இல் வெளியிட்டார்கள். 1998இல் சூசன் ஜோப்ளிங் என்னும் ஆராய்ச்சியாளரின் குழு காட்டு ரோச் மீன்களைப் பரவலாகச் சோதித்தபோது, சில ஆறுகளில் பிடித்த ஆண் மீன் ஒவ்வொன்றிலும் பெண் அடையாளம். கருத்தடை மாத்திரையின் ஹார்மோனும் மனித உடலின் இயற்கை ஹார்மோனும் கழிவுநீரோடு வந்தன. அந்நாட்டின் ஏர் என்னும் ஆற்றில் மட்டும் கதை வேறு. அங்கே கம்பளி கழுவும் ஆலைகளின் சலவைப்பொருளிலிருந்து வந்த நோனைல்பினால் என்னும் வேதிப்பொருள் பெண் ஹார்மோனைப் போல வேலை செய்தது. ஜமக்காள ஊர்க்காரர்களே, கேட்கிறதா? அந்தச் சலவைப்பொருளைக் குறைத்ததும் பாதிப்பும் குறைந்தது.

ஆணில் பெண் புரதம் வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டவர்களும் உண்டு. கனடாவில் கேரன் கிட் என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2001 முதல் மூன்று ஆண்டு, ஒரு முழு ஏரியில் மாத்திரை ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான், நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏரியின் சிறு மினோ மீன் கூட்டமே அழிவின் விளிம்புக்குப் போனது.

ரத்தத்துக்கு வருகிறேன். வலையில் மணிக்கணக்காகத் துடித்த மீனின் ரத்தம் துடிப்பைத்தான் சொல்லும், பதற்ற ஹார்மோனான கார்டிசாலும் சர்க்கரையும் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். மயக்கக் கிராம்பு எண்ணெய் போதும். அது நீரில் கரையாது, ஒரு பங்கை ஒன்பது பங்கு எத்தனாலில் கலந்து, பிறகு நீரில் விட வேண்டும். வால்பக்க ரத்தநாளத்தில் ஊசியிட்டு, ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்துக் காயவைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, கீம்சா சாயமிட்டால் சிவப்பணுக்களில் உட்கருவிலிருந்து உடைந்த துண்டு, அதாவது நுண்கரு, எத்தனை கிடக்கிறது என்று எண்ணலாம், அது மரபுப்பொருள் சிதைந்ததன் அடையாளம். மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பது நமக்கு வசதி. மீனுக்கு ஆயிரம் அணுவாவது எண்ண வேண்டும்.

ஈரல். உடல் எடையில் அது எத்தனை விழுக்காடு என்று பார்ப்போம். கெளுத்தியில் தனியாக எடுத்து நிறுக்கலாம், கெண்டை இனத்தில் குடலைச் சுற்றிப் படர்ந்திருப்பதால் பாதி குடலிலேயே ஒட்டிக்கொள்ளும். நொதி பார்ப்பதானால் அறுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாள் பேருந்தில் அனுப்பிய ஈரல் குழம்புக்கும் ஆகாது. பூச்சிமருந்தின் பாதிப்பை அறிய மூளையில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நரம்பு நொதியைப் பார்க்க வேண்டும், அதற்கும் இதே குளிர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் ஆறு ஒரே அடுப்பில் கொதிக்கும் பானை அல்லவே. பத்தில் ஒரு மீனுக்கு நோய் என்றால், அதில் ஒன்றையாவது கண்டுபிடிக்க, 95 விழுக்காடு உறுதிக்கு 29 மீன் வேண்டும். இருபதில் ஒன்றுக்கு நோய் என்றால் 59. ஒரே மீனோடு நிறுத்தினால் பத்துக்கு ஒன்பது முறை ஏமாறுவோம். ஆலைக்குக் கீழே 30 என்றால் மேலேயும் 30, அதே இனம், அதே மாதம்.

இந்த முப்பதை யார் பிடிப்பது? ஆய்வகத்து ஆட்களா? உதவி இயக்குநர் அம்மா அவர்களே, என் கோரிக்கை இதுதான், இதற்காகவே வந்தேன். ஒவ்வொரு மீனவர் சங்கத்துக்கும் ஒரு கிராம் வரை துல்லியமான மின்தராசு, ஓர் அளவுப் பலகை, ஒரு நோட்டு. மாதம் முப்பது மீனை எழுதிக்கொடுக்கும் மீனவருக்கு ஒரு நாள் கூலி. நோட்டில் எண் சரிந்தால் அன்றைக்கு ஆய்வகம் ஊசியோடும் நைட்ரஜனோடும் வரட்டும். நீர்ச்சோதனை அறிக்கையில் ஆக்சிஜன், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்), கோலிஃபார்ம் (மலக்கழிவைக் காட்டும் பாக்டீரியா) பக்கத்தில் மீனுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஒரு பானை சோற்றுக்கு முப்பது சோறு பதம் என்று பழமொழியையே மாற்றிக்கொள்வோம்.

மணி அடித்துவிட்டார்கள். ஐந்தாவதான மீன்கூட்டம், அதாவது ஓரிடத்து மீன்களை மொத்தமாகப் பார்த்து ஆற்றை மதிப்பிட அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் கார் 1981இல் வகுத்த பன்னிரண்டு அளவுகோல் முறை, அதைப் பிறிதொரு மேடையில். தேநீருக்குப் பிறகு அளவுப் பலகை வாசலில் இருக்கும். பெரியவர் கூடையில் முப்பது கெளுத்தி கொண்டுவந்திருக்கிறார். மாணவர்கள் முள்ளைப் பார்த்துப் பிடியுங்கள், குத்தினால் கடுக்கும். வாலைச் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.